இரண்டு பெயர், ஒரே மருந்து

என் பெரியம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மருந்தெல்லாம் அரசாங்க கிளினிக்கில்தான்.

காய்ச்சலில் விழுந்தவரை அண்ணன் ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு மருந்துப் பை, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். புது மருந்துகள் அதில் வரிசையாக இருந்தன. பழைய மருந்துகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பையில் 'டயாமைக்ரோன்'. வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் கிளினிக் கொடுத்த 'கிளிக்கலசைட்'. முதலாவது கம்பெனி வைத்த பெயர், இரண்டாவது மருந்தின் சொந்தப் பெயர். இரண்டும் ஒன்றேதான்! பெரியம்மா இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். கொடுத்த மருந்தைக் கேள்வி கேட்காமல் விழுங்குவது தோட்டத்து டிரெசர் காலத்துப் பழக்கம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்துப் பேச்சு குழறியது. பக்கவாதம் என்று அண்ணி பயந்துவிட்டார். விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.6. நம் நாட்டு அளவில் 4-க்குக் கீழே போனாலே ஆபத்து. நல்லவேளை, விழுங்கும் நிலையில் இருந்தார். சீனித் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

இதில் பெரியம்மா மேல் என்ன குற்றம்? உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தவறுகளைக் குறைக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது, முதலில் கவனிக்க வேண்டிய மூன்றில் ஒன்றாகச் சொன்னது, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கைமாறும் நேரத்தைத்தான். ஒரே ஆள் பல மருந்து சாப்பிடுவது இன்னொன்று. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அம்மாவை வார்டிலிருந்து அழைத்து வரும் நாளில் லீவு போடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய மருந்து அத்தனையையும் எடுத்துப்போய், நாட்டு மருந்து உட்பட, மருந்தாளர் முன்னால் கொட்டுங்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எதன் அளவு மாறியது என்று எழுதி வாங்குங்கள். "எல்லாம் தாளில் இருக்கு" என்றால் நகராதீர்கள். பெட்டியில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரையும் படியுங்கள். பிறகு அந்தத் தாளை அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். தனியார் கொடுத்தது அங்கே தானாகத் தெரியவராது.

அரசாங்க மருத்துவமனை மருந்தென்றால் இன்னொரு வசதியும் உண்டு. மீதி மாதங்களுக்கான மருந்தை 'எஸ்பியூபி' ஏற்பாட்டில் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளலாம். மருந்து வாங்கும் கவுண்டரிலேயே கேளுங்கள்.