ராணி வருகையும் ஊதாக் கரடியும்: டென்மார்க் பள்ளிகளில் என்ன நடக்கிறது?

டென்மார்க் ராணி மேரி மழலையர் பள்ளிகளுக்குப் போகும்போது, பிள்ளைகள் கையில் சின்னதாய் ஒரு ஊதாக் கரடி பொம்மை இருக்கும். 'புல்லியிங்' எனப்படும் சீண்டலைத் தடுக்கும் திட்டத்தின் அடையாளம் அது.

கரடி எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவிலிருந்து. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 35 பேர் பலியானார்கள். அதில் இறந்த அலானா, மேட்லின் என்ற இரு சிறுமிகளின் பெயரில் உருவான அறக்கட்டளையின் பள்ளித் திட்டம்தான் இதற்கு மூலம். மேரியும் டாஸ்மேனியாவில் பிறந்தவர்தான். 2007-ல் சொந்த அறக்கட்டளை தொடங்கி, 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்புடன் சேர்ந்து இதை டென்மார்க்குக்குக் கொண்டுவந்தார்.

என்ன சொல்லித் தருகிறார்கள்?

சகிப்புத்தன்மை, மரியாதை, அக்கறை, துணிச்சல். குறி வைப்பது மொத்த வகுப்பையும். ஒருத்தரை ஒதுக்கும்போது 'நமக்கெதுக்கு வம்பு' என்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் சிரிக்காவிட்டால், சீண்டுபவருக்கு மவுசு போய்விடும். பெற்றோருக்கும் பங்கு உண்டு: பிறந்தநாளுக்கு யாரை அழைக்காமல் விடுகிறோம், பிள்ளை காதுபட அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதும் கணக்கில் வரும்.

இதில் ராணிக்கு என்ன வேலை?

சட்டம் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அவர் போகும் இடத்துக்கு கேமரா போகும், நன்கொடை வரும். அறக்கட்டளையின் முதல் பணமே, 2004 திருமணத்துக்கு மக்கள் திரட்டிக் கொடுத்த பரிசுதான்.

சிக்கல் எங்கே?

வருகை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் வகுப்பில் நிற்கப்போவது ஆசிரியர். அவருக்குப் பயிற்சியும் நேரமும் கிடைத்தால்தான் திட்டம் நிற்கும். இல்லையென்றால் கரடி வெறும் பொம்மைதான்.