‘ஹை நூன்’ – நிறையும் குறையும்

குதிரை, துப்பாக்கி, புழுதி இம்மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மேற்குப் படம் என்று எண்ணியிருந்தவன் நான். பிரெட் ஜின்னமன் இயக்கி 1952-இல் வெளிவந்த ‘ஹை நூன்’ அவ்வெண்ணத்தை மாற்றிற்று. இதில் குதிரைப் பாய்ச்சல் குறைவு, கடிகாரம் மிகுதி.

நண்பகல் ரயிலில் பகைவன் வருகிறான். அன்று காலை மணமுடித்து, பதவியையும் துறந்த மார்ஷல் வில் கேன், அவனை எதிர்க்கத் துணை தேடி ஊரெல்லாம் அலைகிறார். கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் 85 நிமிடமும் ஏறக்குறைய ஒன்றே. ஆய்வுக்கூடத்தில் நொடிகளை எண்ணிப் பழகிய எனக்கே வயிற்றைக் கலக்கியது. கேரி கூப்பர் வீரம் பேசுவதில்லை. அவர் முகத்தில் அச்சம் தெரிகிறது. அதுவன்றோ நடிப்பு!

தேவாலயக் காட்சியே படத்தின் உயிர் என்பேன். கேன் துணை கேட்டதும் சிலர் எழுகின்றனர். உடனே விவாதம் தொடங்கிவிடுகிறது. சம்பளம் வாங்கும் காவலரின் வேலை நமக்கு எதற்கு என்கிறார் ஒருவர். இன்னொருவர் கேனை வாயாரப் புகழ்ந்துவிட்டு, தெருவில் சண்டை நடந்தால் ஊருக்கு வரவிருக்கும் பணம் வராது, ஆகவே நீ போய்விடு என்று முடிக்கிறார். எவரும் தம்மைக் கோழை என்று சொல்லிக்கொள்ளவில்லை. எழுதிய கார்ல் போர்மனும் இதை அறிந்தவர். 1951-இல், பொதுவுடைமையரை வேட்டையாடிய காலத்தில், விசாரணைக்கு இழுக்கப்பட்டு ஹாலிவுட்டால் ஒதுக்கப்பட்டவர்.

நானும் அறிவேன். சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் சமையற்காரர் ஒருவரைக் காரணமின்றி நீக்கினார்கள். விண்ணப்பத்தில் நாற்பது பேர் கையெழுத்திட்டோம். மேலதிகாரியைக் காணச் சென்றவர் இருவர். நான் செல்லவில்லை. அன்று எனக்குப் பரிசோதனை இருந்தது, உண்மையாகவே இருந்தது.

இனிக் குறை. கேனின் மனைவி ஏமி, கொலையை வெறுக்கும் குவேக்கர் நெறியினள். தந்தையையும் உடன்பிறந்தானையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து அந்நெறிக்கு வந்தவள். கிரேஸ் கெல்லி ஏற்ற இப்பாத்திரம், கணவனைக் காக்க ஒருவனை முதுகில் சுட்டுவிடுகிறது. அதன்பின் அவள் மனம் என்ன பட்டது என்று படம் கேட்கவே இல்லை.

அதினும் பெரிய குறை, கேன் வென்றுவிடுவது! ஒளிந்திருந்தோர் ஓடி வந்து கூடுகின்றனர். கேன் மார்ஷல் சின்னத்தைப் புழுதியில் எறிந்துவிட்டு வண்டியேறுகிறார். ஊர் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. பிழைத்துக்கொண்டது. எங்கள் சமையற்காரர் திரும்பி வரவில்லை.

நம் சங்கம் இப்படத்தை ஒரு மாலை திரையிடலாம். முடிவே சரி என்று வாதாடும் நண்பர்கள் என் பக்கத்தில் வந்து அமருக.