களை செத்துவிட்டது, மருந்து செத்ததா?

களைக்கொல்லி அடித்தால் எத்தனை நாளில் களை சாகும் என்று எல்லோரும் கேட்கிறோம். அடித்த மருந்து மண்ணுக்குள் எத்தனை நாளில் சாகும் என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வி நிலக்காரருடையது. இரண்டாவது கேள்வி, மருந்து டேங்க்கை முதுகில் சுமப்பவருடையது. வெறுங்காலோடு காட்டில் இறங்குபவருடையது. வரப்பில் கீரை கிள்ளுபவருடையது. அடுத்த பட்டத்துக்கு அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவருடையது. இவர்களில் பெரும்பாலோர் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் அதுதான் முக்கியப் பயிர். களைவெட்டு அங்கே பெண்களின் கூலி வேலை. அந்த வேலையில் பெரும்பகுதியை இன்று அட்ரசின் என்ற மருந்து செய்கிறது. இப்போது அட்ரசினோடு மீசோட்ரியோன் என்ற மருந்தையும் சேர்த்து ஒரே புட்டியில் விற்கிறார்கள். டெம்போட்ரியோனைத் தனியாக வாங்கி அட்ரசினோடு கலந்து அடிப்பவர்களும் உண்டு. ஒன்றுக்குத் தப்பிய களை மற்றொன்றுக்குத் தப்பாது என்பது விவசாயியின் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் மண்ணின் கணக்கு வேறு.

மண்ணில் விழுந்த மருந்தை வெயிலும், ஈரமும், நுண்ணுயிர்களும்தான் உடைக்கின்றன. போட்ட மருந்தில் பாதி உடைந்துபோக ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். மண்ணின் கார, அமிலத் தன்மையையும், ஈரத்தையும், மக்கையும் பொறுத்து இது கூடும், குறையும். மீசோட்ரியோன் காரத்தன்மை கூடிய மண்ணில் சீக்கிரம் உடையும். அட்ரசின் அதே மண்ணில் மெதுவாகத்தான் உடையும். நம் கரிசல் பெரும்பாலும் காரமண். ஆக, ஒரே புட்டியிலிருந்து வந்த இரண்டும் ஒரே நாளில் போய்விடுவதில்லை.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு. ஒன்றின் அரை ஆயுள் 15 நாள், மற்றதற்கு 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். 60 நாள் கழித்து முதல் மருந்தில் மிச்சம் பதினாறில் ஒரு பங்கு. இரண்டாவதில் இன்னும் பாதி. 120 நாள் கழித்தும் இரண்டாவதில் கால் பங்கு மண்ணில் கிடக்கும். புரட்டாசியில் விதைத்து, தையில் கதிர் ஒடித்து, மாசியில் உளுந்து போட நினைப்பவர் அந்தக் கால் பங்கின் மீதுதான் விதைக்கிறார். மழை நின்று மண் காய்ந்துவிட்டால் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகும். மிச்சம் இன்னும் கூடும். அட்ரசினை மக்காச்சோளம் தாங்கும். பயறு வகைகளும், வெள்ளரி, கடுகு போன்றவையும் தாங்காது.

கலப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மருந்தை உடைக்கும் நுண்ணுயிரை மற்றொரு மருந்து முடக்கக்கூடும். சில கலவைகளில் அரை ஆயுள் நீள்கிறது. சிலவற்றில் மாற்றமே இல்லை. எனவே, தனித்தனி மருந்துக்குச் சொல்லப்பட்ட நாள் கணக்கை, கடைக்காரர் சொன்னபடி டேங்க்கில் கலந்ததற்கும் அப்படியே பொருத்திவிட முடியாது.

உடைந்தால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. அட்ரசின் உடைந்து வரும் பொருள்களில் சில தண்ணீரோடு கீழே இறங்கக்கூடியவை. நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அட்ரசினுக்கு அனுமதி மறுத்தது. நம் ஊரில் காட்டுக்குப் பக்கத்திலேயே குடிநீர்க் கிணறும் கைப்பம்பும் இருக்கிற காலனிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மருந்து எங்கே அதிக நாள் தங்கும்? மக்கு குறைந்த, ஈரம் நிற்காத, உயிர் குறைந்த மண்ணில். அந்த மண் யாரிடம் இருக்கிறது? 1892-இல் ஆங்கில அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் தரிசாகக் கிடந்த நிலங்கள். அதற்குப் பிறகும் பல ஊர்களில் நம் மக்கள் கைக்கு வந்தது மேடும் களரும்தான். ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு நிலத்தில் எரு கொட்டிப் பயன் இல்லை. அடுத்த ஆண்டு நிலம் வேறு கைக்குப் போகலாம். நிலமில்லாத பட்டியலினப் பெண்கள் நிலம் வாங்கத் தாட்கோ மூலம் 50 விழுக்காடு மானியம் தரும் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் வரவேற்க வேண்டியது. ஆனால் பத்திரத்தில் வில்லங்கம் பார்க்கும் நாம், மண்ணில் இருக்கும் வில்லங்கத்தைப் பார்ப்பதில்லை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை 12 விவரங்களைச் சொல்கிறது. களைக்கொல்லி மிச்சம் அதில் இல்லை.

மறுபடியும் எல்லாப் பெண்களும் குனிந்து களை வெட்டட்டும் என்பதல்ல நம் வாதம். அது முதுகை ஒடித்த வேலை. அதற்குக் கிடைத்த கூலியும் நியாயமானதல்ல. நாம் கேட்பது தகவல். எந்த மருந்து, எதோடு கலந்து, எந்தத் தேதியில் அடிக்கப்பட்டது என்பதை வேலைக்கு இறங்குபவருக்கும் குத்தகை எடுப்பவருக்கும் சொல்ல வேண்டும். மருந்தோடு தரும் துண்டறிக்கை அந்தந்த மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்பது பூச்சிமருந்துச் சட்ட விதி. அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தாட்கோ மூலம் வாங்கும் நிலத்துக்கு மருந்து மிச்சப் பரிசோதனையை அரசே செய்து தர வேண்டும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விதைக்கப் போகும் காட்டு மண்ணை ஒரு சட்டியிலும், மருந்தே படாத மண்ணை இன்னொரு சட்டியிலும் எடுத்து, இரண்டிலும் வெள்ளரி விதை போடுங்கள். முளைத்ததும் முடிவு சொல்லிவிடாதீர்கள். அட்ரசின் தன் வேலையை இலை விட்ட பிறகுதான் காட்டும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிக் கவனியுங்கள். ஒரு சட்டியில் மட்டும் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகினால், அந்தக் காட்டில் இந்தப் பட்டத்துக்கு உளுந்து வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். விதைச் செலவும் உழவுக் கூலியும் மிச்சமாகும்.