கால் மதமதப்பா? சர்க்கரை என்று விட்டுவிடாதீர்கள்

சேத்தியாத்தோப்பு, சுற்றுவட்டார ஊர் மக்களுக்கு,

உள்ளங்கால் எரிகிறது, பாதம் மதமதவென்று இருக்கிறது என்பவர்கள் நம் தெருக்களில் பலர். பஸ் ஏறும்போது செருப்பு கழன்றது அவர்களுக்குத் தெரிவதில்லை. குழாயடியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் தள்ளாடுகிறார். கேட்டால் "சர்க்கரை, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். சர்க்கரையாகவே இருக்கலாம். ஆனால் பி12 வைட்டமின் குறைந்தாலும் இதேதான் நடக்கும். நரம்பின் மேலுறை சிதையும், தண்டுவடம் பாதிக்கும், மறதியும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம்; நாள்பட்டால் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பி12 கீரை, காய்கறியில் கிடையாது; முருங்கைக்கீரையிலும் இல்லை. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிரில் உண்டு. வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கிய வடலூர் நமக்குப் பக்கம். அவர் நெறியில் புலால் உண்ணாத குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த நெறியை விடச் சொல்லவில்லை. பாலும் தயிரும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரத்தத்தில் அளவைப் பாருங்கள், குறைந்தால் மருத்துவர் தரும் மாத்திரையோ ஊசியோ போதும். எப்போதாவது கறி எடுக்கும் கூலி வீட்டுக்கும் இது பொருந்தும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது பல ஆண்டுகளில் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். மாத்திரை தர வரும் சகோதரியிடம் கால் மதமதப்பையும் சொல்லுங்கள். பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் தனியாக ஒரு வார்த்தை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1962-இல் ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தாய்ப்பால் குடித்த பிள்ளைகள்தாம். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை, கைகால் தானாக அசைந்தது, கற்ற அசைவுகளை மறந்தன. தாய்மாருக்கே பி12 குறைவு. மருந்து கொடுத்ததும் தேறின. கர்ப்பத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் மாத்திரை சோகையைத் தெளிவிக்கும்; பி12 குறைந்திருந்தால் நரம்புச் சேதம் உள்ளே தொடரலாம். அறுபது ஆண்டு பழைய இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேராதது வருத்தம்தான்.

தினம் மது குடிப்பவர்களுக்குக் குறைவது பி1 வைட்டமின். திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், கண் தடுமாற்றம் என்றால் போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அரசு மருந்து இலவசம்.

கடைசியாக, மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'நரம்பு மாத்திரை' வேண்டாம். அதில் உள்ள பி6 அளவு மீறி நெடுநாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். 'சத்து ஊசி' போடுவதற்கு முன் இரத்தம் எடுத்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு எடுத்தால் அளவு உயர்ந்துதான் காட்டும், உண்மை தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இல்லையென்றால், சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
சேத்தியாத்தோப்பு வட்டார ஆசிரியர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்