மடக்குக் கத்தியும் மாமூத் தந்தமும்

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் கைப்பேசியை நீட்டினான். “தாத்தா, இந்த மடக்குக் கத்தியைப் பாருங்க. பிடி மாமூத் யானைத் தந்தம், பத்தாயிரம் வருஷத்துக்கு மேலே பழசு. நடுவுல விண்கல். அலகு டமாஸ்கஸ்.” அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து வில்லியம் ஹென்றி என்ற நிறுவனம் இப்படிக் கத்திகள் செய்கிறது. சில கத்திகள் பல ஆயிரம் டாலர் விலை போகின்றன.

டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவன் நான். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொருள் பழசு என்பதற்காகவே கத்திக்கு மதிப்பு என்றால் எனக்கு ஒப்பவில்லை.

பழசுதான் வேண்டுமென்றால் தண்டலத்திலிருந்து பல்லாவரம் எவ்வளவு தூரம்? அங்கேதான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல்லாயுதம் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருஷ வயது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாமூத் தந்தமெல்லாம் அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை. அந்தக் கல்லுக்குப் பெருமை அதன் வயதால் மட்டும் வந்ததில்லை. யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துத் தட்டிக் கூராக்கியிருக்கிறார். அதனால்தான் அது ஆயுதம், இல்லாவிட்டால் வெறும் கூழாங்கல்.

டமாஸ்கஸ் கதையும் அப்படித்தான். பெயர் சிரியா நாட்டு நகரத்துடையது. அந்தப் பழைய வாள்களுக்கு உருக்குக் கட்டி அனுப்பிய இடங்களில் தென்னிந்தியா முக்கியமானது. இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சி, பச்சை இலை போட்டு, மண் குகையை மூடிக் காய்ச்சி, மெதுவாக ஆறவிடுவார்கள். நொய்யல் கரை கொடுமணலில் உருக்கு உலைகளின் தடயம் அகழாய்வில் கிடைத்தது. மின்சாரத்தால் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடேயே 1820 வாக்கில், ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்த உருக்கை ஆராய்ந்தார். இன்று டமாஸ்கஸ் என்று விற்பதில் பெரும்பாலானது வேறு வகை. இரண்டு மூன்று எஃகை அடுக்கி, அடித்து ஒட்டவைத்து வரி வரவழைப்பது.

என்னிடமும் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. அப்பாவுக்காக எங்கள் ஊர்க் கொல்லர் செய்தது. அலகு பழைய லாரிப் பட்டை, பிடி எருமைக் கொம்பு. கூலியாக ஒரு மரக்கால் நெல் கொடுத்ததாக அப்பா சொல்வார். அறுபது வருஷம் வெற்றிலைக் காம்பு, பாக்கு, கயிறு எல்லாம் அறுத்தது. போன வருஷம் உள்ளே இருக்கும் வில் உடைந்துவிட்டது. அளவு கொடுத்தால் மைக்ரான் சுத்தமாகக் கடைந்து தருவேன். ஆனால் உலையில் இரும்பின் நிறத்தைப் பார்த்து, இப்போது தோய்க்கலாம் என்று சொல்லும் கண் எனக்கு இல்லை. அந்தக் கொல்லரின் பிள்ளைகள் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

மாமூத் தந்தம் சைபீரியப் பனியில் இன்னும் புதைந்து கிடக்கும். உலையடியில் உட்கார்ந்து கற்ற கை ஒரு தலைமுறை விட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் வீட்டில் அரிவாள், அரிவாள்மனை மழுங்கினால் தூக்கிப் போடாதீர்கள். கொல்லரைத் தேடிப் போய் வேலை கொடுங்கள், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் பக்கம் உலை வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். பேரனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.