என்ன கல்?



வீட்டு வாசலில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து வந்து, "இது என்ன?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "கல்" என்பீர்கள். விடை தவறில்லை. ஆனால் கேள்வி அதோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் தவறு என்பது என் கருத்து. பெரம்பலூர், அரியலூர் பக்கம் வாழும் நாம் இந்தத் தவறைச் செய்யவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 'கல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் இதைப் பயன்படுத்துகிறோம். அம்மா காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறார். அரிசியில் கல் பொறுக்குகிறார். குழம்புக்குக் கல்லுப்புப் போடுகிறார். கொத்தனார் செங்கல் அடுக்குகிறார். காய்கறிக் கடைக்காரர் எடைக்கல்லைத் தராசில் வைக்கிறார். அக்காவின் கம்மலில் ஒரு கல் விழுந்துவிட்டது என்று வீடே தேடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று மருத்துவர் சொல்கிறார். "ஊர் இன்னும் இரண்டு கல் தொலைவு" என்று பாட்டி சொல்கிறார்.

இவற்றில் உண்மையான கல் எத்தனை? தோசைக்கல் இரும்பு. செங்கல் சுட்ட களிமண். எடைக்கல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கல்லுப்பு, தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். பாட்டி சொன்ன கல்லோ ஒரு பொருளே அல்ல. அது ஒரு மைல் தூரம். சாலையோரம் மைலுக்கு ஒரு கல் நட்டிருந்த காலத்தில், கல்லே தூரத்தின் பெயராகிவிட்டது.

இதைக் காட்டிச் சிலர் ஒரு குறை சொல்வார்கள். "பார்த்தீர்களா, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்! இப்படிப்பட்ட மொழியில் அறிவியலை எப்படித் துல்லியமாகச் சொல்ல முடியும்?" என்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் பலர் இதை உண்மை என்று நம்பித் தாழ்வு மனப்பான்மையோடு உட்கார்ந்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

மற்ற மொழிகளில் எப்படி?

ஆங்கிலத்தில் 'ஸ்டோன்', ஜெர்மன் மொழியில் 'ஷ்டைன்'. இரண்டும் உடன்பிறந்த சொற்கள். நமக்கு நன்கு தெரிந்த ஐன்ஸ்டீனின் பெயரில் வருவதும் இதே 'ஷ்டைன்'தான்.

ஆங்கிலேயர் மாம்பழத்தின் கொட்டையையும் ஸ்டோன் என்பார்கள். ஜெர்மானியரும் அதை ஷ்டைன் என்பார்கள். நாம் சொல்வதில்லை, நமக்கு அது கொட்டைதான். ஆலங்கட்டி ஆங்கிலேயருக்குக் கல். ஜெர்மானியருக்கோ அது தானிய மணி. நமக்கு அது கட்டி. சிறுநீரகத்தில் வருவது மூன்று மொழியிலும் கல்தான். செங்கல்லுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர் 'பாக்ஷ்டைன்'. அதாவது 'சுட்ட கல்'. பலகை விளையாட்டில் நகர்த்தும் காய்க்கும் அங்கே ஷ்டைன் என்றே பெயர்.

இன்னொரு வேடிக்கை. நமக்குக் கல் ஒரு காலத்தில் தொலைவின் அளவு. பிரிட்டனில் அது எடையின் அளவு. ஒரு ஸ்டோன் என்றால் 14 பவுண்டு, ஏறத்தாழ 6.35 கிலோகிராம். இன்றும் அங்கே பலர் தம் உடல் எடையை 'பத்து ஸ்டோன்', 'பதினோரு ஸ்டோன்' என்று சொல்வார்கள். 'பத்து கல்' என்று சொல் சொல்லாக மொழிபெயர்த்தால், அந்த மனிதர் பத்து மைல் நடந்தார் என்று நாம் நினைத்துக்கொள்வோம்!

ஆகவே ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது தமிழின் குறை அல்ல. எல்லா மொழிகளுக்கும் இயல்பு. மனிதன் கெட்டியாக, உருண்டையாக, கையில் பிடிக்கும்படியாகக் கண்டதையெல்லாம் கல் என்றான். அந்தச் சொல் பொருளின் தோற்றத்தைச் சொல்கிறது. அது எதனால் ஆனது, எப்படி உண்டானது என்பதைச் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

முன்னால் ஒரு சொல்

கண்டுபிடித்ததை எப்படிச் சொல்வது? அதற்கும் மொழியே வழி வைத்திருக்கிறது. அரியலூர் சுற்றுவட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டி எடுக்கிறார்களே, அதன் பெயர் சுண்ணாம்புக்கல். ஆங்கிலத்தில் 'லைம்ஸ்டோன்'. ஜெர்மன் மொழியில் 'கால்க்ஷ்டைன்'. மூன்றிலும் ஒரே கட்டுமானம்: பின்னால் 'கல்', முன்னால் 'சுண்ணாம்பு'. ஆங்கிலம் இங்கே எந்த வகையிலும் தமிழைவிடத் துல்லியமாக இல்லை. 'என்ன கல்?' என்ற கேள்விக்கு விடையாக முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். துல்லியம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அந்த முன்சொல் சும்மா கிடைத்துவிடாது. சோதித்துப் பார்த்துத்தான் பெற வேண்டும். நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு, ஒரு கருங்கல் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆணியால் சுரண்டுங்கள். சுண்ணாம்புக்கல்லில் கீறல் விழுந்து பொடி வரும். கருங்கல்லில் எளிதில் விழாது. சுரண்டிய இடத்தில் சில சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். சுண்ணாம்புக்கல்லில் நுண்ணிய குமிழிகள் கிளம்பும். கருங்கல் சும்மா நனையும். குமிழிகளில் வெளிவருவது கார்பன் டை ஆக்ஸைடு. 100 கிலோகிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் முழுவதும் சுட்டால் 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோகிராம் இதே வாயுவாக வெளியேறிவிடும். கெட்டியான கல்லுக்குள் இவ்வளவு வாயு அடைபட்டிருப்பதைக் 'கல்' என்ற சொல் நமக்குச் சொல்லுமா?

சில நேரம் சோதனையே பெயராகிவிடும். ஜெர்மன் மொழியில் 'பெர்ன்ஷ்டைன்' என்று ஒரு பொருள் உண்டு. 'எரியும் கல்' என்பது அதன் பொருள். கல் எங்கேயாவது எரியுமா? அது கல்லே அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களில் வடிந்து இறுகிய பிசின். நெருப்பில் காட்டினான், எரிந்தது, பெயர் வைத்துவிட்டான். ஆங்கிலத்தில் இதை ஆம்பர் என்பார்கள். கிரேக்கர்கள் இதை எலெக்ட்ரான் என்றார்கள். தேய்த்தால் இது துரும்பை இழுக்கும். அதிலிருந்துதான் மின்சாரத்துக்கு 'எலெக்ட்ரிசிட்டி' என்ற பெயரே வந்தது.

நம் சுண்ணாம்புக்கல்லுக்கும் இப்படி ஒரு பெரிய குடும்பம் உண்டு. லத்தீன் மொழியில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல். ஜெர்மன் 'கால்க்' அதிலிருந்து வந்தது. 1808-இல் ஹம்ப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்து, கால்சியம் என்று பெயரிட்டார். 'கால்க்ஸ்' என்பதன் சிறுமை வடிவம் 'கால்குலஸ்'. அதாவது சிறு கல். ரோமானியர் சிறு கற்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதனால் கணிதத்தில் ஒரு பிரிவுக்கும், கால்குலேட்டருக்கும், மருத்துவர் குறிப்பில் சிறுநீரகக் கல்லுக்கும் அந்தச் சொல்லே போய்ச் சேர்ந்தது. அரியலூர் லாரியில் போகும் கல்லுக்கு எத்தனை உறவினர்கள் பாருங்கள்!

ஒரு சொல்லால் வந்த குழப்பம்

பல பொருள் தரும் சொல்லைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அறிஞர்களும் குழம்புவார்கள். என் பாடமான இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1847-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழிவின்மையைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் அவர் பயன்படுத்திய சொல் 'கிராஃப்ட்'. அன்றாட ஜெர்மனில் அதற்கு வலிமை, விசை, சக்தி என்று பல பொருள். இன்று நாம் விசை என்பதற்கும் ஆற்றல் என்பதற்கும் அன்று அந்த ஒரே சொல்தான். விசையும் ஆற்றலும் வேறு வேறு. அழியாமல் இருப்பது ஆற்றல்தான், விசை அல்ல. 1807-இலேயே தாமஸ் யங் ஆங்கிலத்தில் 'எனர்ஜி' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், அது நிலைபெற மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. நாம் 'சக்தி' என்று பொதுவாகச் சொல்லித் தேர்வில் விசை, ஆற்றல், திறன் மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம் அல்லவா? அது தமிழில் படிப்பதால் வரும் நோய் அல்ல. எந்த மொழியில் படித்தாலும் 'இங்கே எந்தப் பொருள்?' என்று கேட்காவிட்டால் வரும்.

நம் ஊரில் நடந்தது

கேட்காவிட்டால் மதிப்பெண் மட்டும்தான் போகுமா? இல்லை. நம் மாவட்டங்களிலேயே சான்று இருக்கிறது.

சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியின் பெரும்பகுதி கடலாக இருந்தது. அந்தக் கடலில் படிந்தவைதான் நம் சுண்ணாம்புக்கல்லும், அதனுள் கிடக்கும் சிப்பிகளும், சங்கு போலச் சுருண்ட அம்மோனைட்டுகளும். 19-ஆம் நூற்றாண்டிலேயே பிளான்ஃபோர்டு, ஸ்டோலிட்ஸ்கா போன்ற புவியியலாளர்கள் இங்கே வந்து இவற்றைத் திரட்டி எழுதினார்கள். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று இங்குள்ள பாறைத் தொகுதிகளுக்கு நம் ஊர்ப் பெயர்களே இட்டிருக்கிறார்கள். நமக்கு அரியலூர் என்றால் ஊர். புவியியலாளருக்கு அது ஒரு பாறைத் தொகுதியும்கூட.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான கல்மரம் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் அதைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். மணலிலும் சேற்றிலும் புதைந்த மரத்தின் நுண்ணறைகளில், நீரில் கரைந்திருந்த தாதுப்பொருள்கள் சிறிது சிறிதாகப் படிந்து, வடிவம் மாறாமல் அதைக் கல்லாக்கிவிட்டன. அன்று ஒருவர் நின்று 'என்ன கல்?' என்று கேட்டதால் அது இன்று தேசியப் புவியியல் சின்னம். கேட்காமல் போயிருந்தால் எந்த வீட்டுக் கடைக்காலில் போய்ச் சேர்ந்திருக்குமோ!

2020-இல் குன்னத்தில் ஒரு நீர்நிலையைத் தூர் வாரியபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்று செய்தி பரவியது, கூட்டம் கூடியது. வல்லுநர்கள் பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடலடியில் தாதுக்கள் திரண்டு உண்டான உருண்டைகள் என்றார்கள். உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்ததால் வந்த தவறு இது. ஆனால் அங்கே கூடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 'வெறும் கல்' என்று தள்ளிவிட்டுப் போகாமல் வியந்து நின்றார்களே, அதுவே பாதி அறிவியல். மறுபாதி சோதனை.

கல்லமேட்டின் கதை வருத்தமானது. அரியலூர் பகுதியைச் சேர்ந்த அந்த இடத்தில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை வைத்து, 1980-களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு டைனோசருக்குப் 'புருகத்காயோசரஸ்' என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். அளவைக் கண்டு மலைத்த வெளிநாட்டு ஆய்வாளர் சிலர், 'இது எலும்புதானா, அல்லது கல்லான மரமா?' என்று ஐயப்பட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடை காண எடுத்துப் பார்க்க அந்த எலும்புகள் இல்லை. அவை உதிர்ந்து போய்விட்டன. 2022-இல் வெளியான பழைய நிழற்படங்கள் அவை எலும்பு என்பதற்கே வலுச் சேர்க்கின்றன. என்றாலும் படம் பொருளாகுமா? 'என்ன கல்?' என்ற கேள்விக்கு, காலம் கடந்தால் விடையே கிடைக்காமல் போகலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆகவே நண்பர்களே, 'கல்' என்ற சொல்லை நீங்கள் கைவிட வேண்டாம். அதற்குப் பதில் ஓர் ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்வதாலும் எதுவும் தெளிந்துவிடாது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். கிணறு தோண்டும் இடத்திலும் ஓடைக்கரையிலும் விசித்திரமான கல்லைக் கண்டால், கிடந்த இடத்தையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். படம் வரையுங்கள். சிப்பி போன்ற உருவம் தெரிந்தால் அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடாதீர்கள், உருவம் கெட்டுவிடும். உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

தமிழில் 'கல்' என்பதற்கு, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இல்லாத இன்னொரு பொருள் உண்டு. 'படி', 'அறிந்துகொள்' என்பதே அது. சாத்தனூரில் மரம் கல்லாகி நமக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே வாழும் நாம் கல்லாதவர்களாக இருக்கலாமா?