எஞ்சினின் மூச்சு

சென்ற விடுமுறையிற் சில நாட்களைக் கண்டியிலே தமக்கையார் வீட்டிற் கழித்தோம். காலஞ்சென்ற அத்தான் விட்டுச் சென்றவற்றுள் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூண்ட மொறிஸ் மைனர் கார் ஒன்றும் உண்டு. மணமக்களைப் பழைய கார்களில் ஏற்றிச் செல்ல விரும்புவோர் இக்காலத்திற் பலராகையால், மருமகன் அதனை மெருகிட்டுக் கலியாண ஓட்டத்துக்கு விடுகின்றான். அவ்வீட்டுச் செலவிற் பெரும்பங்கு அந்தக் காரினாலேயே நடைபெறுகின்றது.

அக்கார் நுவரெலியா வீதியில் ஏறும்போதெல்லாம் கல்லைத் தகரத்திற் கொட்டினாற் போல ஓசையிடும், ரேடியேற்றரும் கொதிக்கும். மருமகன் ஒரு நாள் மாலை தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கூம்பு வடிவான காற்று வடிகட்டி. அதனோடு பளபளக்கும் குழாய்.

“மாமா, இதைப் பூட்டினால் சூடும் குறையுமாம், தட்டுறதும் நிக்குமாம்” என்றான். விலையோ இரண்டு கலியாண ஓட்டத்தின் வருவாய். முற்பணம் மறுநாட் காலையிற் கட்டுவதாகச் சொல்லியிருந்தானாம். “ஒரு நாள் பொறு” என்றோம்.

மெக்கானிக்குகள் ‘நொக்’ என்று சொல்லும் இத்தட்டல் யாதென முதலில் அறிதல் வேண்டும். மின்பொறி பற்றியவுடன் தீச்சுவாலை உருளையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பரவுகின்றது. அது சென்று சேருமுன், எஞ்சி நிற்கும் பெற்றோற் கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானே பற்றி வெடிக்குமாயின், அந்த அதிர்ச்சியே நம் செவியில் தட்டலாக விழும். தீங்கு ஓசையோடு நிற்பதில்லை. உருளைச் சுவரையொட்டிக் காப்பாய் நிற்கும் மெல்லிய வாயுப்படலத்தை அவ்வதிர்ச்சி கலைத்துவிடுவதால் சூடு உலோகத்தில் மிகுதியாக இறங்கும். நெடுநாள் கவனியாதிருப்பின் பிஸ்டனிலே துளை விழவும் கூடும். ஆகவே தட்டலைத் தணித்தால் சூடும் ஓரளவு தணியும் என்பது மெய்யே. விற்பவர் சொன்னது முற்றிலும் பொய்யன்று.

உள்ளே புகும் காற்றின் வெப்பநிலைக்கும் இதிற் பெரும்பங்குண்டு. 8.5 மடங்கு அமுக்கும் அந்த எஞ்சினில், 25 பாகை மிகையான சூட்டோடு புகுந்த காற்று அமுக்கம் முடியும் வேளையில் ஏறக்குறைய 50 பாகை மிகையான சூட்டோடு நிற்கும். நுழைவாயிலிற் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு உள்ளே இரட்டித்துவிடுகின்றது. வெப்பக்காற்று ஐதாகவும் இருப்பதால் வலுவும் குறையும். இவ்விடத்தில் நம் மாணவர்கள் ஒன்றைக் கருதுக: வடிகட்டி பெரிதா சிறிதா என்பதன்று கேள்வி, அது எவ்விடத்துக் காற்றை உறிஞ்சுகின்றது என்பதே கேள்வி. பொனற்றின் கீழ்த் திறந்தபடி நிற்கும் கூம்பு, எத்துணை விலையுயர்ந்ததாயினும், எஞ்சின் கக்கிய வெப்பத்தையே மீண்டும் குடிக்கும். மொறிஸ் மைனரிலோ காற்று புகும் குழாயும் எரிந்த வாயு வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அமைந்தவை!

மறுநாள், நீண்ட கம்பியின் நுனியில் உணரி பொருத்திய வெப்பமானி ஒன்றை வாங்கி, நுனியைக் காற்று வடிகட்டியின் வாயருகே கட்டினோம். பேராதனை, கம்பளை கடந்து புசல்லாவை ஏற்றத்திற் செல்கையில் வெளியே 29 பாகை. வடிகட்டியின் வாயிலே 54. வண்டியை நிறுத்திப் பொனற்றைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. வடிகட்டியின் மூக்குக்குழாய் தகிக்கும் வெளியேற்றுக் குழாயை நோக்கித் திரும்பியிருந்தது. பனிக்காலத்திற் காபுரேற்றர் உறையாதிருக்கும்பொருட்டு இங்கிலாந்திலே அவ்வாறு திருப்பி வைப்பார்கள். வேனிற்காலத்தில் அப்பால் திருப்ப வேண்டும். எவர் எப்பொழுது திருப்பினாரோ, அறியோம். அத்தான் இருந்த காலத்திலேயே அப்படி இருந்திருக்கலாம். அவர் காரைப் பிறர் தொட விடமாட்டார். ஆதலால் தமக்கையாரிடம் இதனைச் சொல்லவில்லை.

ஆணியைத் தளர்த்தி மூக்கைத் திருப்பினோம். வெப்பம் 42 பாகைக்கு இறங்கிற்று. பின்னர் வளையும் குழாய் ஒன்றை வாங்கி முன்பக்கக் கம்பிச்சட்டத்தின் அருகிலிருந்து காற்றை எடுத்தபோது 34 ஆயிற்று. தட்டல் வெகுவாகக் குறைந்தது, ஆயினும் அற்றுவிடவில்லை. மின்பொறி விழும் நேரம் சற்று முந்தியிருந்ததைக் கராஜ் ஒன்றிலே பின்தள்ளுவித்தோம். இதனையும் அளவோடு செய்தல் வேண்டும். மிகப் பின்தள்ளினாலும் எஞ்சின் கொதிக்கும். 92 ஒக்டேனுக்குப் பதிலாக 95 ஒக்டேன் பெற்றோலை ஊற்றும்படியும் சொன்னோம். ஒக்டேன் என்பது வலுவின் அளவன்று, தானே பற்றாமற் பொறுக்கும் தன்மையின் அளவு. இதனை உயர்த்துவதற்கே 1921ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி ஈயச்சேர்மம் ஒன்றைக் கண்டார். தட்டல் நின்றது; உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறிற்று. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002ஆம் ஆண்டிலேதான் நீங்கியது.

கொதிப்போ வேறு நோய். குளிர்ந்த காற்றை ஊட்டினால் எஞ்சின் குளிரும் என எண்ணுவது தவறு. செறிந்த காற்றோடு பெற்றோலும் மிகுதியாக எரியுமேயன்றிக் குறையாது. குளிர்விப்பது ரேடியேற்றரின் தொழில். கழற்றிக் கழுவியபோது அதிலிருந்து துரு கலந்த சேறு வெளிவந்தது.

புதிய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் காரிற் பெரும்பாலும் மூடிய பெட்டியும் முன்புறத்துக் குளிர்காற்றை எடுக்கும் குழாயும் தொழிற்சாலையிலேயே அமைந்திருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுக் கூம்பைப் பூட்டுவது மூக்கை அடுப்புக்குள் வைப்பதாகும். ஓசை பெருகுவதை வலு பெருகியதாக மயங்குவோர் பலர். தட்டலை உணரும் கருவி மின்பொறியைத் தானே பின்தள்ளிவிடுவதால் தட்டல் பெரிதும் காதில் விழாது. வலு மட்டும் குறையும். வாங்கத்தான் வேண்டுமெனின், எஞ்சின் வெப்பத்தினின்று மறைக்கும் மூடிய பெட்டி உடையதையே தேர்க. வாயைத் தாழ வைத்தவை மழைவெள்ளத்தில் நீரை உறிஞ்சும்; நீர் அமுங்காது, ஆதலாற் பிஸ்டனின் தண்டு வளையும். எண்ணெய் பூசும் வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால் காற்றை அளக்கும் உணரி பழுதாகும்.

நாம் புறப்படுமுன் மீண்டும் அவ்வேற்றத்தில் ஏறினோம். றம்பொடையை அண்டிய வளைவொன்றில் இரண்டாம் கியரில் மெலிதாக ஒரு முறை தட்டிற்று. உருளைகளின் தலையிற் கரி படிந்திருக்கக் கூடும். ஒப்புக்கொண்ட கலியாணங்கள் முடிந்தபின் திறந்து சுரண்டுவதாக மருமகன் சொல்லியிருக்கின்றான். முற்பணத்துக்கென வைத்திருந்த தொகை அதற்காக அலுமாரியிலே கிடக்கின்றது.